கிருமி செத்த பிறகும் நரம்பு ஏன் வீங்குகிறது?



தொழுநோய் மருந்தினால் குணமாகும் என்பதை உங்களில் அநேகர் அறிவீர்கள். ஆயினும், "மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் விரல் மடங்கிப் போகிறதே, அது ஏன்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கிருமியிடம் மட்டும் இல்லை. அதை எதிர்க்க எழும்புகிற நம் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியிடமும் இருக்கிறது.

நரம்பில் ஒளிந்திருக்கும் கிருமி

இந்தக் கிருமியை 1873-ஆம் ஆண்டு நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தார். இது மிகவும் மந்தமானது. ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ 12 முதல் 14 நாட்கள் ஆகின்றன. சரீரத்தில் சூடு குறைவான இடங்களே இதற்குப் பிரியம். ஆகவே தோலிலும், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளிலும் தங்குகிறது. முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை 'ஷாக்' அடித்ததுபோல் இருக்குமல்லவா? அந்த நரம்பு இதற்கு நல்ல உதாரணம்.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பு இழைகளைச் சுற்றி 'ஷ்வான் செல்கள்' என்னும் உறை உண்டு. கிருமி இவற்றுக்குள் புகுந்து, பல வருஷங்கள் சத்தமின்றிக் குடியிருக்கக்கூடும்.

காவலர் விழித்துக்கொள்ளும்போது

நம் இரத்தத்தில் 'டி செல்கள்' என்னும் காவலர் உண்டு. திசுக்களில் கிருமிகளை விழுங்கும் செல்களும் உண்டு. ஒரு கட்டத்தில் டி செல்கள் கிருமியின் துணுக்குகளை அடையாளம் கண்டு விழித்துக்கொள்கின்றன. இது மருந்து தொடங்கும் முன்பும் நடக்கலாம், மருந்து சாப்பிடும்போதும் நடக்கலாம், முடித்துப் பல மாதங்களுக்குப் பின்னும் நடக்கலாம். செத்த கிருமியின் துணுக்குகள் நெடுநாள் சரீரத்தில் தங்குவதே இதற்குக் காரணம். பிரசவத்துக்குப் பிந்தின மாதங்களில் சில தாய்மாருக்கு இது வருவதுண்டு.

விழித்த டி செல்கள் 'இன்டர்ஃபெரான் காமா' என்னும் பொருளைச் சுரந்து, விழுங்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. தூண்டப்பட்ட செல்கள் கிருமியைக் கொல்லும் இரசாயனங்களைக் கக்குகின்றன. அவை நரம்பு இழையையும் விட்டுவைப்பதில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். கிருமியை விழுங்கிய செல்கள் வெளிவிடும் நைட்ரிக் ஆக்சைடு நரம்பின் உறையைச் சேதப்படுத்துவதை, 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சிறு மீன்களில் காட்டியது.

தோல் வீங்கினால் விரிந்து கொடுக்கும். நரம்போ இறுக்கமான உறைக்குள் இருக்கிறது. வீக்கத்துக்கு இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறி, சிறு இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. சில நாட்களிலோ வாரங்களிலோ உணர்ச்சி மங்கி, கை பலமிழக்கலாம். மருத்துவர்கள் இதை 'ரியாக்ஷன்' என்பார்கள்.

காலம் பொன் போன்றது

இந்த நிலையில் சிலர், "மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எண்ணித் தொழுநோய் மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்தானது. அந்த மாத்திரைகள் தொடர வேண்டும். அவற்றோடு, பொங்கியெழுந்த எதிர்ப்புச் சக்தியை அடக்க 'பிரெட்னிசோலோன்' என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்படுகிறது. மருத்துவரின் கண்காணிப்பில் தொடங்கி, பல மாதங்களில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சர்க்கரை நோய், காசநோய், வயிற்றுப்புண் இருக்கிறதா என்று பார்த்தே கொடுப்பார்கள். வீங்கிய நரம்புக்கு ஓய்வு கொடுக்கப் பட்டை கட்டுவதும் உண்டு.

நரம்பு பாதிக்கப்பட்டு 6 மாதங்களுக்குள் இதைத் தொடங்கினால் பலம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. தாமதித்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இதே டி செல்களும் விழுங்கும் செல்களும் வேறு நரம்பு நோய்களிலும் வேலை செய்கின்றன. 2025 ஜனவரியில் புனேயில் பலரைத் தாக்கிய 'கில்லன்-பாரே' நோயில், கிருமித் தொற்றுக்குப் பின் எதிர்ப்புச் சக்தி நரம்பையே தாக்கியது. ஆனால் அந்த நோய்க்கு ஸ்டீராய்டு பலன் தராது. இரத்த நீர் மாற்றமும் 'இம்யூனோகுளோபுலின்' ஊசியுமே சிகிச்சை. ஆகவே நரம்பு வீக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று நினைக்கக்கூடாது.

நம் நாட்டில் நடந்த ஊழியம்

1914-இல் கொல்லிமலையில் மிஷனெரி குடும்பத்தில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கையில் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையையும் அங்கே வளர்த்தார். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் எழும்பிய ஷெஃப்லின் நிலையம், நரம்புகளைக் காக்கும் பணியை இன்றளவும் செய்துவருகிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் நிலையமும் உண்டு.

கோவில்பதாகையில் நாம் கவனிக்க வேண்டியவை

2005-ஆம் ஆண்டு முடிவில், 10,000 பேருக்கு 1 நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. இதைப் பலர் "நோய் ஒழிந்துவிட்டது" என்று புரிந்துகொண்டார்கள். ஆனால் 2023-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். கோவில்பதாகை, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துப் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் கையை நம்பியே பிழைக்கிறவர்கள் அநேகர். உணர்ச்சியற்ற கை அவர்கள் குடும்பத்தின் அடுப்பையே அணைத்துவிடும்.

ஆகவே உங்கள் சபையிலோ தெருவிலோ, தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமலோ, சுண்டு விரலில் மதமதப்போ, சூடான டம்ளரைப் பிடித்தும் சூடு தெரியாமையோ, முழங்கையில் நரம்பு வலியோ, செருப்பு நழுவியும் தெரியாமையோ, கண்ணை முழுதாக மூட முடியாமையோ உள்ளவரைக் கண்டால், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே அனுப்புங்கள். தொழுநோய் மாத்திரைகள் அங்கே இலவசம். 6 அல்லது 12 மாதங்கள் சாப்பிட வேண்டும். மருந்தை முடித்தவரிடமும், "கை எப்படியிருக்கிறது?" என்று அவ்வப்போது விசாரியுங்கள். புதிதாக மதமதப்பு என்று அவர் சொன்னால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிடாமல் அந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.