அலை நகர்ந்தபோது ஆக்சிஜனும் நகர்ந்தது

2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலை டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும் உச்சத்தைத் தொட்டபோது, அங்கு மூச்சுத் திணறியவர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனில் கணிசமான பகுதி ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர், பொகாரோ போன்ற கிழக்கிந்திய எஃகு நகரங்களில் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் திரவமாகிறது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால் தொலைதூரம் கொண்டுசெல்ல அதுவே ஏற்ற வடிவம் எனினும், அந்தக் குளிரைக் காக்கவல்ல கிரையோஜெனிக் டேங்கர்கள் போதிய அளவில் இல்லை. ஆகவே நைட்ரஜன், ஆர்கான் ஏற்றிச் சென்ற டேங்கர்கள் ஆக்சிஜனுக்கு மாற்றப்பட்டன. நிரப்பிய டேங்கர்களை வானில் ஏற்றுவது ஆபத்தானது என்பதால், காலி டேங்கர்களை விமானப்படை உற்பத்தி நகரங்களுக்குச் சுமந்து செல்ல, அவை நிரம்பியபின் சாலை வழியாகவும் 'ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்' ரயில்களிலும் திரும்பின.

எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பது கொண்டுசெல்வதைவிடக் கடினமான கேள்வி. தீவிர சிகிச்சைப் படுக்கை ஒன்றுக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர், ஏனைய படுக்கைகளில் பாதிக்கு மட்டும் 10 லிட்டர் என்று மத்திய அரசு வகுத்த கணக்கு, படுக்கை கிடைக்காமல் வீட்டிலும் ஆம்புலன்ஸிலும் தவித்தவர்களைக் கணக்கிலேயே கொள்ளவில்லை. இக்குறையைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், டெல்லிக்கு நாளொன்றுக்கு 700 டன் வழங்கப் பணித்ததோடு, பங்கீட்டுக்கு அறிவியல் முறை வகுக்க 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவையும் மே மாதத்தில் அமைத்தது.

நோய்ப்பரவல் எல்லா இடங்களிலும் ஒரே நாளில் உச்சமடைவதில்லை. பகிர்தலைச் சாத்தியமாக்குவதே இந்தக் கால இடைவெளிதான். ஆனால் இன்று கொடுக்கும் மாநிலத்துக்கு நாளை கிடைக்கும் என்ற உறுதி முன்கூட்டியே இல்லாதபோது, எந்த அரசும் தன் கையிருப்பை இறுகப் பற்றிக்கொள்ளவே செய்யும். ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு ஸ்ரீபெரும்புதூர் ஆக்சிஜன் ஆலையிலிருந்து 80 டன்னை ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் ஒதுக்கியதைத் தமிழ்நாடு எதிர்த்தது. தொற்று ஏறிவந்த நேரத்தில் எழுந்த அந்த அச்சம் நியாயமானதே. மே 13 அன்று டெல்லி அரசு, தன் தேவை 582 டன்னாகக் குறைந்துவிட்டதால் மீதியைப் பிற மாநிலங்களுக்கு அளிக்கலாம் என்று மத்திய அரசுக்குத் தெரிவித்தது. மறுநாள், மேற்கு வங்கத்தின் துர்காபூரிலிருந்து புறப்பட்ட, தமிழ்நாட்டுக்கான முதல் ஆக்சிஜன் ரயில் சென்னை தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரத்தில் தமிழ்நாட்டின் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைக் கடந்தது.