போர்ப் படங்களில் எப்போதும் ஜெயிப்பது யார்? குளச்சலும் கோட்டாறும் சொல்லும் பாடம்

போர்ப் படம் என்றால் ஒரு பக்கம் நாயகன், மறுபக்கம் வில்லன். நம் பக்கத்தில் வீரர்கள், எதிர்ப் பக்கத்தில் கொடியவர்கள். இரண்டரை மணி நேரத்தில் கொடி ஏறிவிடும், கைதட்டலும் கிடைத்துவிடும். ஆனால், பல போர்களைப் பார்த்த நாஞ்சில் நாட்டு மண்ணில் நின்று பார்த்தால், கதை அத்தனை எளிதாக இல்லை.

நாகர்கோவிலில் பிறந்த படம்

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவைப் பற்றிய முதல் திரைப்படம் நாகர்கோவில்காரர் எடுத்தது. சி.வி.ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற நாவலை வைத்து ஆர்.சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம் 1933-ல் வெளியானது. நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டதால், திரையிட்ட உடனேயே படம் முடங்கியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மீட்கப்பட்ட அதன் பிரதி, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அந்த நாவலில் மார்த்தாண்ட வர்மா நாயகன். மறைந்த மன்னரின் மகன்களான தம்பிமார், அரியணைக்கு ஆசைப்பட்ட சதிகாரர்கள். ஆனால், நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் பாடப்படும் 'தம்பிமார் கதை' வில்லுப்பாட்டைக் கேட்டால் எல்லாம் தலைகீழ். அங்கே தம்பிமார்தான் வீரர்கள். மருமகனுக்கே ஆட்சி என்ற மருமக்கள்வழி முறையில் உரிமை இழந்து, வஞ்சகமாகக் கொல்லப்பட்டவர்கள். அவர்களுக்காகக் கேட்பவர்கள் கண் கலங்குகிறார்கள்.

ஒரே சம்பவம், இரண்டு கதை. சினிமா எந்தக் கதையை எடுக்கிறதோ, அதுவே அடுத்த தலைமுறைக்கு வரலாறாகிவிடுகிறது.

குளச்சலில் நடந்தது என்ன?

1741-ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கியது. அங்கிருந்து கோட்டாறு வரையிலான பகுதி அவர்கள் கைக்குப் போனது என்கின்றன திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள். மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களைச் சுற்றி வளைத்தது. டச்சு முகாமில் வெடிமருந்து தீப்பிடித்து, அரிசி இருப்பும் எரிந்துபோக, அவர்கள் சரணடைந்தார்கள். குளச்சலில் நிற்கும் வெற்றித் தூண் இதன் நினைவாகத்தான்.

பெருமைப்பட வேண்டிய வெற்றிதான். ஆனால், 'ஐரோப்பியரைத் தோற்கடித்த முதல் ஆசிய அரசு' என்று பரவும் செய்தி சரியல்ல. 1638-ல் கண்டி அரசு கன்னொருவையில் போர்த்துக்கீசியரை வீழ்த்தியது. 1662-ல் செங் செங்கோங் என்ற சீனத் தளபதி தைவானிலிருந்து இதே டச்சுக்காரர்களை வெளியேற்றினார். குளச்சலின் பெருமைக்கு இந்த மிகைப்படுத்தல் தேவையே இல்லை.

அன்று சரணடைந்த டிலனாய், டச்சுப் படையின் தலைமைத் தளபதி என்றே பல இடங்களில் எழுதப்படுகிறார். டச்சு ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்களோ, அவர் அத்தனை உயர்ந்த பதவியில் இல்லை என்கிறார்கள். இன்னொரு பக்கம், துடுப்புகளைத் துப்பாக்கிபோலத் தோளில் சுமந்து அணிவகுத்து நின்று எதிரியை ஏமாற்றிய மீனவர்களின் கதை கடற்கரையில் வாய்மொழியாக வாழ்கிறது. அரசனை மட்டும் காட்டும் கேமராவில் இவர்கள் விழுவதே இல்லை.

ஒரு பெயர் வசைச்சொல்லான கதை

தவறான சித்திரிப்பால் யாருக்கு என்ன நஷ்டம்? 'எட்டப்பன்' என்ற சொல்லைக் கேட்டுப் பாருங்கள். அது எட்டயபுரம் ஆட்சியாளர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் நீண்டகால எல்லைத் தகராறு இருந்தது. 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்சிப் பகுதியில். ஆனால் மேடை நாடகம், கதைப்பாட்டு, 1959-ல் வந்த சிவாஜியின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எல்லாம் சேர்ந்து மக்கள் மனதில் பதித்த துரோகியின் பெயர் எட்டப்பன்தான். ஒரு பரம்பரையின் பட்டப் பெயரே இன்று தெருச்சண்டையில் திட்டும் சொல்.

ஹாலிவுட்டும் இதற்கு விலக்கல்ல. ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து 'எனிக்மா' சங்கேதக் கருவியை அமெரிக்கர்கள் கைப்பற்றுவதாக 2000-ல் வந்த 'யு-571' காட்டியது. உண்மையில் 1941 மே மாதம், அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே, பிரிட்டிஷ் கடற்படை அதைச் செய்துவிட்டது. பிரிட்டன் நாடாளுமன்றம் வரை கண்டனம் எழுந்தது.

பிள்ளைகளோடு பேசுங்கள்

சினிமாவுக்குக் கற்பனை வேண்டும். அதை யாரும் தடுக்க முடியாது. படம் முடிந்ததும் வீட்டில் மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டால் போதும்: இந்தக் கதையை யார் சொல்கிறார்கள்? எதிர்த்தரப்பு இதை எப்படிச் சொல்லும்? திரையில் வராமல் போனவர்கள் யார்?

கொடியேற்றத்தோடு படம் முடிந்துவிடலாம். குளச்சல் கதை அங்கே முடியவில்லை. எதிரியாக வந்த டிலனாய், திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-ல் இந்த மண்ணிலேயே இறந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவரது கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய நட்பால் கிறிஸ்தவரான தேவசகாயம், மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியிலேயே 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரது கல்லறை கோட்டாறு சவேரியார் ஆலயத்துக்குள் இருக்கிறது.

இதில் யார் நாயகன், யார் வில்லன்? அடுத்த முறை நாகர்கோவில் பக்கம் போனால், உதயகிரியையும் கோட்டாற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பதிலைப் பிள்ளைகளே சொல்லட்டும்.