புத்தகத்தை மூடுங்க... ஆங்கிலம் வரும்!



ஆங்கிலத் தேர்வு நடக்கிறது. எல்லாம் தெரிந்த கேள்விகள்தான். ஆனால், ஒரு கேள்வியில் நான்கு வரிகளைக் கொடுத்து, 'உன் சொந்த வாக்கியத்தில் எழுது' என்று கேட்டிருக்கிறார்கள். நோட்ஸில் மனப்பாடம் செய்த பகுதி அல்ல; புத்தம் புதிது. அவ்வளவுதான், பேனா அப்படியே நின்று விடுகிறது!

இப்படிச் சொந்த நடையில் மாற்றி எழுதுவதற்கு ஆங்கிலத்தில், 'பாராஃப்ரேஸ்' என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தமிழ் வகுப்பில் இதை நீங்கள் ஏற்கனவே செய்து கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரு குறளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகப் பொருள் சொன்னால், அது பதவுரை. முழுக் குறளும் என்ன சொல்கிறது என்பதைத் தொகுத்துச் சொன்னால், அது பொழிப்புரை. பாராஃப்ரேஸ் என்பது, ஆங்கிலத்தில் எழுதும் பொழிப்புரை. அவ்வளவுதான்!

பிறகு ஏன் தடுமாறுகிறோம்? பொழிப்புரை கேட்டால், பதவுரை எழுதுவதால்தான்.

பஸ்ஸைத் தொலைத்த ரவி!

'ரவி மிஸ்டு தி பஸ் பிகாஸ் ஹி காட் அப் லேட்.' தாமதமாக எழுந்ததால், ரவி பஸ்ஸைத் தவறவிட்டான். இதை மாற்றி எழுதச் சொன்னால், சிலர் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி, வேறு சொல்லை நடுவார்கள். 'மிஸ்டு' என்பதற்குப் பதில், 'லாஸ்ட்' என்று போடுவார்கள். 'ரவி லாஸ்ட் தி பஸ்' என்றால், ரவி பஸ்ஸையே தொலைத்து விட்டான் என்று ஆகிவிடும். அவ்வளவு பெரிய பஸ்ஸை எங்கே போய்த் தேடுவது?

'ஸ்ட்ராங் டீ' சரி. 'பவர்ஃபுல் டீ' என்று ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. 'ஹெவி ரெயின்' சரி. 'வெயிட்டி ரெயின்' கிடையாது. அகராதியில் இரண்டு சொற்களுக்கும் ஒரே பொருள் இருக்கலாம். ஆனால், எல்லா இடத்திலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உட்காராது.

முழு வாக்கியத்தையும் புரிந்து கொண்டு எழுதினால் எப்படி இருக்கும்? 'ரவி டிட் நாட் வேக் அப் ஆன் டைம், ஸோ தி பஸ் லெஃப்ட் விதவுட் ஹிம்.' ரவி நேரத்திற்கு எழவில்லை. பஸ் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. சொற்கள் மாறிவிட்டன, செய்தி மாறவில்லை.

அச்சுக்கூடச் சிறுவன்

இந்தக் கலையைத் தனக்குத்தானே கற்றுக்கொண்ட ஒரு சிறுவனின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1706ம் ஆண்டு பிறந்தவன் அவன். அப்பாவுக்கு மெழுகுவர்த்தி, சோப்பு செய்யும் தொழில். பெரிய குடும்பம். பத்து வயதிலேயே அவனுடைய படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில், அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஒரு நண்பனுடன் அவன் கடிதம் மூலம் விவாதம் செய்து வந்தான். அந்தக் கடிதங்களை அப்பா படித்துப் பார்த்தார். 'எழுத்துப் பிழை உனக்குக் குறைவு. ஆனால், சொல்லும் அழகில் உன் நண்பனே மேல்' என்று எடுத்துக் காட்டினார். சிறுவன் கோபப்படவில்லை. நன்றாக எழுதியே தீருவது என்று முடிவு செய்தான்.

சொல்லித்தர ஆசிரியர் இல்லை. அவன் கையில் இருந்தது, லண்டனில் வெளிவந்த, 'ஸ்பெக்டேட்டர்' என்ற பத்திரிகையின் ஒரு தொகுதி மட்டுமே. அதில் ஒரு கட்டுரையைப் படிப்பான். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வான். சில நாட்கள் கழித்து, புத்தகத்தைப் பார்க்காமல், அந்தக் குறிப்புகளை மட்டும் வைத்துக் கட்டுரையை எழுதுவான். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, தன் தவறுகளைத் திருத்துவான். சில சமயம், குறிப்புகளைக் குலைத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் வரிசைப்படுத்துவான். இதையெல்லாம் இரவிலும், அதிகாலையிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் செய்தான்.

அந்தச் சிறுவன்தான், இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின்! அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில், 1776ல் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். நூறு டாலர் நோட்டில் இருப்பது அவருடைய படம்தான். இந்தப் பயிற்சியைப் பற்றித் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

நாமும் செய்வோமா?

இதோ ஒரு வாக்கியம்: 'தி ஓல்டு மேன் வாட்டர்டு தி ட்ரீ எவ்ரி டே, தோ ஹி நியூ ஹி வுட் நெவர் ஈட் இட்ஸ் ஃப்ரூட்.' அந்த மரத்தின் பழத்தைத் தான் ஒருநாளும் சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும், அந்த முதியவர் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

1. இரண்டு முறை படியுங்கள். யார், என்ன செய்தார், ஏன் என்று கேளுங்கள். தமிழில் புரிந்துகொண்டாலும் தவறில்லை.

2. சில சொற்களில் குறிப்பு எடுங்கள்: முதியவர், தினமும் தண்ணீர், பழம் தனக்கு இல்லை, ஆனாலும்...

3. மூலத்தைக் கையால் மறைத்துவிடுங்கள். இதுதான் முக்கியம்! கண்ணுக்குத் தெரிந்தால், கை தானாகக் காப்பி அடிக்கும்.

4. குறிப்பை மட்டும் பார்த்து எழுதுங்கள்: 'தி ஓல்டு மேன் நியூ தட் இட்ஸ் ஃப்ரூட் வுட் நாட் பி ஃபார் ஹிம். ஸ்டில், ஹி கேவ் தி ட்ரீ வாட்டர் டெய்லி.'

5. கையை எடுத்து ஒப்பிடுங்கள். எதுவும் விட்டுப்போயிருக்கிறதா? புதிதாக எதுவும் சேர்ந்திருக்கிறதா?

'தோ' என்ற சின்னச் சொல்லின் கருத்தை விட்டுவிட்டால், அந்த முதியவர் தோட்டவேலை செய்தார் என்பது மட்டும்தான் மிஞ்சும். அவருடைய நல்ல மனசு காணாமல் போய்விடும்.

சின்னச் சொல், பெரிய வம்பு

'நாட், நெவர், ஓன்லி, மே' போன்ற சொற்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'எ ஃப்யூ பாய்ஸ் கேம்' என்றால், சில பையன்கள் வந்தார்கள். 'ஃப்யூ பாய்ஸ் கேம்' என்றால், அநேகமாக யாருமே வரவில்லை. ஓர் 'எ' போனதும், செய்தியே தலைகீழாகிவிட்டது பார்த்தீர்களா?

பெயர், ஊர், ஆண்டு, எண் ஆகியவற்றை மாற்றக் கூடாது. வாக்கியத்தின் அமைப்பை மாற்ற, நீங்கள் படித்த இலக்கணமே கை கொடுக்கும். 'ஆக்டிவ் வாய்ஸை', 'பாஸிவ்' ஆக்கலாம்; ஒருவர் பேசியதை, 'இன்டைரக்ட் ஸ்பீச்'சில் சொல்லலாம்; 'பிகாஸ்' இருந்தால், 'ஸோ' போட்டுத் திருப்பலாம்.

கவிதை என்றால், உவமைக்குள் இருக்கும் கருத்தைச் சொல்லுங்கள். நிலாவை வெள்ளித்தட்டு என்று கவிஞர் சொன்னால், நிலா வட்டமாகப் பளபளக்கிறது என்று எழுதினால் போதும்.

இன்னொன்று, 'சம்மரி' கேட்டால்தான் சுருக்க வேண்டும். பாராஃப்ரேஸில் எந்தக் கருத்தையும் விடக் கூடாது.

சின்னக் குட்டீஸ் எழுதக்கூட வேண்டாம். ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்தியைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அதைப் பாட்டியிடம் கதையாகச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புரிந்தால், உங்களுக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம், அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லிப் பாருங்கள்.

பெரியவர்கள், தினமும் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். முதல் நாள் மூன்று தப்பு வந்தாலும் பரவாயில்லை. பிராங்க்ளினும் தன் தப்புகளைத் திருத்தித்தான் கற்றுக்கொண்டார். தேர்வில் எந்தப் பத்தி வரும் என்பது நம் கையில் இல்லை. எந்தப் பத்தி வந்தாலும் எழுதுவேன் என்ற தைரியம், நம் கையில்தான் இருக்கிறது.

என்ன குட்டீஸ், புத்தகத்தை மூடலாமா?