கழுத்தைக் காக்கும் நான்கு திருகாணிகள்

மாணவர்களே, ஒரு பலகையை ஒரே ஓர் ஆணியால் கம்பத்தில் அடித்துப் பாருங்கள். விரலால் தட்டினாலே பலகை சுழலும். சற்றுத் தள்ளி இரண்டாவது ஆணியை அடித்துவிட்டால் அசையாது. தோட்டத்தில் வேலி கட்டும் எவருக்கும் தெரிந்த இந்த உண்மைதான் கழுத்தெலும்பு அறுவை சிகிச்சையிலும் பயன்படுகிறது. எப்படி என்று பார்ப்போமா?

நம் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. நீண்ட கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான். முதல் எலும்பான அட்லஸ் ஒரு வளையம் போன்றது. இரண்டாவது எலும்பான ஆக்சிஸிலிருந்து பல் போன்ற ஒரு முனை எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. அச்சாணியைச் சுற்றிச் சக்கரம் திரும்புவதுபோல் அட்லஸ் இந்த முனையைச் சுற்றித் திரும்புகிறது. ‘இல்லை’ என்று தலையாட்டும்போது, கழுத்தின் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி இந்த மூட்டில்தான் நடக்கிறது.

அதிகம் அசையும் மூட்டு எளிதில் நிலைகுலையவும் கூடும். விபத்தில் அந்த முனை முறிந்தாலோ, அதைப் பிடித்திருக்கும் தசைநார் அறுந்தாலோ, அட்லஸ் முன்னோக்கி நழுவும். அதே வளையத்தின் வழியாகத்தான் தண்டுவடமும் செல்கிறது. அது நசுங்கினால் கை கால்கள் செயலிழக்கும், மூச்சே நின்றுவிடலாம்.

கழுத்து தாங்கும் சுமையையும் கணக்கிடுவோம். தலையின் எடை ஏறக்குறைய 50 நியூட்டன். அந்த எடை கழுத்து மூட்டிலிருந்து 2 செ.மீ. முன்னால் செயல்படுவதாக வைத்துக்கொண்டால், அதன் திருப்புத்திறன் 50 × 0.02 = 1 நியூட்டன் மீட்டர். கைப்பேசியைப் பார்க்கக் குனியும்போது தூரம் 10 செ.மீ. ஆனால், அது 5 நியூட்டன் மீட்டர். எடை மாறவில்லை, தூரம் கூடியதால் விளைவு ஐந்து மடங்காகிவிட்டது. எலும்பைப் பிடித்து நிறுத்த உள்ளே பொருத்தும் எந்தக் கருவியும் இதை நாள்தோறும் தாங்க வேண்டும்.

1910-இல் மருத்துவர்கள் இவ்விரு எலும்புகளையும் பட்டு நூலால் கட்டினார்கள். பிறகு உலோகக் கம்பி வந்தது. கம்பிக்கட்டு, தலை முன்னால் சாய்வதை ஓரளவு தடுத்தது. பக்கவாட்டில் திரும்புவதைச் சரியாகத் தடுக்கவில்லை. நடுவில் ஒரே ஆணி அடித்த பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்! அதனால் பல நோயாளிகள் தலையைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்க வேண்டியிருந்தது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல் வேறு வழி கண்டார். வலப்பக்கம் அட்லஸில் ஒன்று, ஆக்சிஸில் ஒன்று, இடப்பக்கமும் அப்படியே. மொத்தம் நான்கு திருகாணிகள். இருபுறமும் ஒவ்வொரு தகடு அவற்றை இணைத்தது. பிடிமானம் நடுவிலிருந்து இரு பக்கங்களுக்கும் நகர்ந்ததால், சாய்வோடு சுழற்சியும் அடங்கியது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி மிக அருகில் ஓடுவதால், சில மில்லிமீட்டர் பிசகினாலும் ஆபத்து. 1994-இல் கோயலும் லஹேரியும் இம்முறையை ஆய்விதழில் வெளியிட்டனர். 2001-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹார்ம்ஸ், தகட்டுக்குப் பதில் தண்டைப் பயன்படுத்தும் வடிவத்தை வெளியிட்டார். இன்று இது கோயல்–ஹார்ம்ஸ் முறை என்று உலகெங்கும் அறியப்படுகிறது.

அப்படியானால் திருகாணி ஆயுள் முழுதும் கழுத்தைத் தாங்குமா? இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஒரு பேப்பர் கிளிப்பைத் திரும்பத் திரும்ப வளையுங்கள், முறிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். துருப்பிடிக்காத டைட்டானியத்துக்கும் சோர்வு உண்டு. ஆகவே மருத்துவர் மூட்டின் குருத்தெலும்பைச் சுரண்டிவிட்டு, அங்கே எலும்புத் துண்டுகளை வைக்கிறார். உலோகம் அசையாமல் பிடித்திருக்கும் சில மாதங்களில் இரண்டு எலும்புகளும் ஒன்றாக வளர்ந்து சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் சுமையை எலும்பு ஏற்றுக்கொள்ளும். சேராவிட்டால் ஒருநாள் உலோகம் தளரும் அல்லது முறியும். கட்டடம் கட்டும்போது போடும் சாரம் போன்றதுதான் திருகாணி.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சிகிச்சைக்குப் பின் கழுத்தின் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடும். பக்கத்தில் பார்க்கத் தோளையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கும்.

மலாக்காவில் ஜாசினோ அலோர் காஜாவோ, தோட்டச் சாலையில் யாராவது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைக்கிறோம். நல்ல மனசுதான். ஆனால் கழுத்து நிலைகுலைந்திருந்தால், அந்த ஒரு தூக்கலே தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். தீ, வாகனம் போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் அவரை நகர்த்தாதீர்கள். 999-ஐ அழையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று கவனியுங்கள். தலையை இருந்தபடியே இரு கைகளாலும் இரு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரு பக்கமும் பிடித்தால் சுழலாது. மருத்துவரின் திருகாணிகள் பிறகு செய்யப்போகும் வேலையை, ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் கைகள் செய்யட்டும்.