பழவேற்காட்டுப் படகுப் பயணம்: ஏறும் முன் கேட்க வேண்டியவை, விபத்துக்குப் பின் பெற வேண்டியவை

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் திருவள்ளூர் மாவட்டத்தின் பிற தொழிற்பேட்டைகளிலும் வேலை செய்யும் குடும்பங்கள், கூட்ட நெரிசலற்ற ஒரு தீவிலோ நீர்க்கரையிலோ ஒரு நாளைக் கழிக்க எண்ணும்போது, அவர்களுக்கு மிக அருகில் இருப்பது பொன்னேரி வட்டத்துப் பழவேற்காடு ஏரியே ஆகும். படகில் ஏரியைக் கடந்து, முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டில் இறங்கி, கட்டிக்கொண்டு வந்த சோற்றை உண்டு, பூநாரைகளைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம் என்பதே இத்தகைய பயணங்களின் வழக்கமான திட்டம். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில், இதே ஏரியில் சுற்றுலா சென்றவர்களின் படகு கவிழ்ந்து பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் இறந்தனர். அதன் பின்னர் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. தடை இருந்தும் காணும் பொங்கல், ஞாயிறு, அரசு விடுமுறை ஆகிய நாட்களில் கரையில் பேரம் பேசி மீன்பிடிப் படகில் ஏறும் வழக்கம் நிற்கவில்லை என்பதையும், விபத்து நேர்ந்த குடும்பங்கள் எந்த அலுவலகத்தை அணுகுவது என்று தெரியாமல் உரிய காலத்தைத் தவறவிடுவதையும் கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஏரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது என்பதால் அது ஆபத்தற்றது என்று பயணிகள் நம்புகின்றனர். ஆபத்து ஆழத்தில் இல்லை. முகத்துவாரத்தில், அதாவது ஏரி நீர் கடலோடு கலக்கும் வாயிலில், உள்ளது. ஓதம் வடியும்போது ஏரியிலிருந்து வெளியேறும் நீரோட்டம், கடலிலிருந்து உள்ளே வரும் அலையோடு மோதுகிறது. அடியில் மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மேட்டில் தட்டி நின்ற படகு அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிவிட்டால் அடுத்த அலையே அதனைக் கவிழ்த்துவிடக்கூடும். மீன்பிடிப் படகு, வலையும் மீனும் அடித்தட்டில் கிடக்கும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. அதில் இருபது பேர் அமர்ந்து, அவர்களில் சிலர் புகைப்படத்திற்காக எழுந்து நின்றால் பாரம் மேலே ஏறிப் படகின் நிலைத்தன்மை குலைகிறது. படகோட்டி எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற இயலாது.

சட்ட நிலை தெளிவானது. மீன்பிடிப் படகு, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், மீன் பிடிப்பதற்காக மட்டுமே பதிவு செய்யப்படுவது. அப்பதிவு எண் படகின் முகப்பில் எழுதப்பட்டிருப்பதால், அது பயணிகளை ஏற்றும் உரிமம் ஆகிவிடாது. உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரத்தால் இயங்கும் கலங்களுக்கு, நாடாளுமன்றம் 2021இல் இயற்றிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம், பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, ஓட்டுநரின் திறன் சான்று, காப்பீடு, உயிர்காப்புக் கருவிகள் ஆகியவற்றை வேண்டுகிறது. தகுதி ஆய்வுச் சான்று என்பது, படகின் கட்டுமானத்தைச் சோதித்து எத்தனை பேரை ஏற்றலாம் என்று அதிகாரி எழுதித் தரும் ஆவணம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைப் பறித்த படகு, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியமைத்ததே என்பதும், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்டது கேரள அரசின் சுற்றுலாக் கழகப் படகே என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை. மேல்தட்டில் இருந்தவர்கள் விலங்குகளைக் காண ஒரே பக்கமாக நகர்ந்தது தேக்கடி விபத்துக்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. உரிமம் உள்ள படகிலும் எழுந்து நிற்கக்கூடாது.

ஒப்பீட்டுக்குச் சொன்னால், சிறு தீவுகளுக்குப் பெயர்பெற்ற கிரேக்க நாட்டில் காற்று வலுக்கும்போது துறைமுக அதிகாரி கப்பல் புறப்பாட்டையே நிறுத்திவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 20 கடல் மைலுக்கு மேற்பட்ட பயணங்களில் ஒவ்வொரு பயணியின் பெயரும் பிற விவரங்களும் புறப்படும் முன் பதிவு செய்யப்பட வேண்டும். பயணம் இரத்தானால் பணத்தையோ மாற்றுப் பயணத்தையோ கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. பழவேற்காட்டில் மறைவாக ஓடும் படகுக்கோ சீட்டும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. இதன் விளைவைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. உடல் கிடைக்காத நிலையில், அம்மனிதர் அப்படகில் இருந்தார் என்பதையே குடும்பத்தினர் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்; மெய்ப்பிக்க இயலாவிட்டால், ஏழு ஆண்டுகள் எவ்விதத் தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்னும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 111ஆம் பிரிவுக்காகக் காத்திருக்கும் நிலை வரலாம். அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை; அது இல்லாமல் காப்பீடும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

ஆகவே ஏற வேண்டாம் என்பதே முதல் அறிவுரை. அதையும் மீறி ஏறுவதாயின், உரிமம் உள்ளதென்று சொல்லப்படும் எந்தப் படகாயினும், தகுதி ஆய்வுச் சான்றைக் காட்டுமாறு கேட்க வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குழந்தைக்குக் குழந்தையின் அளவில், கட்டியபின் புறப்பட வேண்டும். இருக்கைக்கு அடியில் குவித்து வைத்திருப்பது கவிழும் நேரத்தில் கைக்கு எட்டாது. அச்சிட்ட சீட்டு பெற வேண்டும். கட்டணத்தைக் கைப்பேசி வழியாகச் செலுத்தினால் அப்பதிவு பின்னர் சான்றாகும். ஏறியவர்களின் பெயர்ப் பட்டியலைக் கரையில் நிற்கும் ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் ஏறக்கூடாது.

விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண்கள்: அவசர உதவி 112, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. அடுத்தது காவல் நிலையம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்துக்கு உட்பட்டதாகையால், சம்பவம் தங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எல்லை எதுவாயினும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழகக் காவல் நிலையங்களில் பலமுறை தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது, புகார் மனு பெறப்பட்டதற்கான அடையாளமே தவிர முதல் தகவல் அறிக்கை ஆகாது. அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடும் குடும்பங்களே பின்னர் காப்பீட்டு நிறுவனத்தின் வாயிலில் நிற்கின்றன. பதிவு மறுக்கப்பட்டால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் எழுதவும், அதற்கும் பயன் இல்லையேல் குற்றவியல் நடுவரை அணுகவும் அதே பிரிவு வழி வகுக்கிறது. கூலிக்காகப் பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மீறிய பாரமேற்றிய கலத்தில் ஆட்களைக் கொண்டு செல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவின்படி குற்றம். கவனக்குறைவால் உயிரிழப்பு நேர்ந்தால் 106ஆம் பிரிவும் பொருந்தும். எழுத்து மூலமான புகாரில் இவ்விரு பிரிவுகளையும் குறிப்பிடுவது நலம்.

உடற்கூறாய்வு வேண்டாம் என்று உறவினர் கெஞ்சுவது இயல்பு. எனினும் அந்த அறிக்கை இல்லாமல் விபத்து மரணத்துக்கான எந்தக் காப்பீட்டையும் பெறுவது மிகக் கடினம். முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் ஆகிய நான்கிலும் இறந்தவரின் பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளவாறே எழுதப்பட்டுள்ளனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். இறப்பை, அது நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடம் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குடியிருக்கும் ஊரில் அல்ல.

தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் அறியாதிருக்கும் உரிமை ஒன்று உண்டு. வருங்கால வைப்பு நிதியோடு (பி.எஃப்.) இணைந்த ஊழியர் வைப்புத்தொகை சார் காப்பீட்டுத் திட்டம், பி.எஃப். பிடிக்கப்படும் ஒவ்வொரு தொழிலாளியையும் தொழிலாளியின் பங்களிப்பு ஏதுமின்றிக் காக்கிறது. அதற்கான தொகையை நிறுவனமே செலுத்துகிறது. பணியில் இருக்கும் காலத்தில் மரணம் எவ்வாறு நேர்ந்தாலும், விடுமுறையில் ஏரியில் மூழ்கி இறந்தாலும், இது பொருந்தும். இறப்புக்கு முன் 12 மாதங்கள் தொடர்ந்து பணியில் இருந்தவரின் குடும்பத்துக்குக் குறைந்தது 2.5 லட்சம் ரூபாயும், ஊதியத்தையும் இருப்புத் தொகையையும் பொறுத்து 7 லட்சம் வரையும் கிடைக்கும். இதற்குரியது படிவம் 5-ஐ.எஃப்.; சேமிப்புத் தொகைக்குப் படிவம் 20; குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி. மூன்றையும் ஒருசேர, நிறுவனத்தின் பி.எஃப். குறியீடு எந்த அலுவலகத்தின் கீழ் உள்ளதோ அங்கு அளிக்க வேண்டும். சிப்காட் ஆலைகளில் பெருமளவில் வேலை செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் இதே உரிமை உண்டு. ஆலையின் பெயரால் தேடாமல் ஒப்பந்ததாரரின் குறியீட்டையும் தொழிலாளியின் யு.ஏ.என். என்னும் பி.எஃப். பொதுக் கணக்கு எண்ணையும் கொண்டு தேட வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களின் கணக்குகளில் வாரிசுதாரர் நியமனம் நிரப்பப்படாமல் கிடந்தால், பல நூறு மைல் தொலைவில் உள்ள பெற்றோர் இந்தப் பணத்தைப் பெற நெடுங்காலம் அலைய நேரிடும். பி.எஃப். இணையதளத்தில் ஆதார் வழியாக இந்நியமனத்தைச் சில நிமிடங்களில் முடிக்கலாம். அதைச் செய்யாமல் எந்தச் சுற்றுலாவுக்கும் புறப்படக்கூடாது என்று சொல்வது மிகையன்று.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம், 18 முதல் 70 வயது வரையுள்ளோரின் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் தருகிறது. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாத இறுதியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாததாலேயே காப்பீடு காலாவதியாகிவிடலாம். கோரிக்கையை அதே வங்கிக் கிளையில் 30 நாட்களுக்குள் அளிப்பது பாதுகாப்பானது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் ஈட்டுறுதியைப் பொறுத்தவரை, சார்ந்தோர் உதவித்தொகை வேலையின் பொருட்டு நேர்ந்த மரணத்துக்கு மட்டுமே உரியது என்பதால் சொந்தச் சுற்றுலாவுக்குப் பொருந்தாது. எனினும் ஈமச்சடங்குச் செலவாக 15,000 ரூபாய் வரை பெறலாம், உயிர் பிழைத்தவருக்கு மருத்துவமும் கிடைக்கும்.

இழப்பீட்டுக்கான இடம் திருவள்ளூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணம் செலுத்திப் பெற்ற படகுச் சவாரியையும் சேவையாகக் கொள்கிறது. நுகர்வோர் இறந்தால் சட்டபூர்வ வாரிசுகள் முறையிடலாம். முறையிடுபவர் வசிக்கும் இடத்தின் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். எந்த நிலையிலுள்ள ஆணையம் என்பதும் எவ்வளவு கட்டணம் என்பதும் கோரும் இழப்பீட்டைப் பொறுத்தன அல்ல. சேவைக்குச் செலுத்திய தொகையைப் பொறுத்தவை. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் முறையீட்டுக் கட்டணமே இல்லை. ஆதலால் சில ஆயிரம் ரூபாய்ச் சவாரிக்காகப் பல லட்சம் இழப்பீடு கோரினாலும் மாவட்ட ஆணையமே போதும். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். இரண்டே ஆண்டுகள், குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்போர் இந்த வரம்பைத் தாண்டிவிடுகின்றனர். படகோட்டி ஏழை மீனவராக இருப்பின் ஆணை காகிதமாகவே நின்றுவிடும் என்பதால், பயணத்தை ஏற்பாடு செய்த முகவர், தங்கும் விடுதி, படகின் உரிமையாளர் ஆகியோரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது தடையாகாது: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவில், பெண்கள், குழந்தைகள் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளியையும் இலவச சட்ட உதவிக்கு உரியவராகக் குறிப்பிடுகிறது. திருவள்ளூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ இதைக் கேட்கலாம்.

விபத்துக்குப் பின் தடை அறிவிப்பதும், சில வாரங்கள் கரையில் காவலர்களை நிறுத்துவதும், பிறகு மறந்துவிடுவதும் நிர்வாகத்தின் வழக்கமாகிவிட்டன. தடை என்றால் ஒவ்வொரு விடுமுறை நாளிலும் கரையில் ஆள் இருக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வாழும் மாவட்டத்தில் அறிவிப்புப் பலகை இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும். முறையான படகுப் பயணம் விரும்புவோர் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் முட்டுக்காடு அல்லது முதலியார்குப்பம் படகுக் குழாமுக்குச் செல்லலாம். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து அவை சென்னைக்கு அப்பால் உள்ளன என்பதால், அருகிலுள்ள ஏரியையே மக்கள் நாடுவர் என்பதை அதிகாரிகள் உணர வேண்டும். பயணிகளை ஏற்ற எந்தப் படகுக்கேனும் அனுமதி உண்டா, தடையை மீறியதாக எத்தனை வழக்குகள் பதிவாயின, மீட்புப் படகு எங்கே நிறுத்தப்பட்டுள்ளது என்னும் மூன்று கேள்விகளை, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் அறியும் உரிமை மனுவாக, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எவரும் அனுப்பலாம். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும், இதற்குக் கட்டணம் இல்லை. அதே கேள்விகளைத் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளவும் செய்யலாம்.