காதைப் பொத்தாமல் ரோட்டைக் கடக்கலாம்!

குட்டீஸ்... ஸ்கூலுக்கு நடந்து போகும்போது, பின்னால் ஒரு பஸ் வந்து, 'பாம்ம்ம்' என்று ஏர் ஹாரன் அடித்தால் என்ன செய்வீர்கள்? ஒரு துள்ளு துள்ளி, டிரைவரை முறைத்துவிட்டு, அடுத்த நிமிடமே மறந்துவிடுவீர்கள். எல்லாராலும் அப்படி மறக்க முடியாது. சிலருக்கு அந்தச் சத்தம் காதுக்குள் ஊசி குத்துவது போல வலிக்கும், நெஞ்சு படபடக்கும், அழுகை முட்டிக்கொண்டு வரும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நடுரோட்டிலேயே உறைந்து நின்றுவிடுபவர்களும் உண்டு.

'ஒரு ஹாரனுக்கா இந்த அலட்டல்?' என்று கேலி செய்துவிடாதீர்கள். அது நடிப்பு இல்லை. உங்கள் வீட்டில் இப்போது மின்விசிறி ஓடுகிறதா? நான் கேட்கும் வரை அந்தச் சத்தம் உங்கள் கவனத்துக்கு வந்ததா? வந்திருக்காது! காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். மூளைதான், 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று பிரித்து ஒதுக்கும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இப்படிப் பிரிப்பது சிரமம். ஹாரன், பூக்காரம்மா குரல், டீக்கடைப் பாட்டு எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே பலத்தோடு வந்து மோதும். ஒற்றைத் தலைவலி வந்தவர்களுக்கும் சத்தம் என்றாலே வேதனைதான்.

இவர்கள் பயமில்லாமல் ரோட்டில் நடக்க என்ன செய்யலாம்? 'காதில் பஞ்சு வைத்தால் போச்சு' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்! பஞ்சு வைத்தால் சத்தம் குறையும். கூடவே பின்னால் வரும் லாரியின் சத்தமும் குறைந்துவிடுமே! வலிக்க வைக்கும் சத்தம் போக வேண்டும். எச்சரிக்கும் சத்தம் இருக்க வேண்டும். விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

சத்தத்தை விழுங்கும் சத்தம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.,யில் பேராசிரியராக இருந்தவர், அமர் போஸ். இவருடைய அப்பா, வங்காளத்தைச் சேர்ந்த சுதந்திரப் போராட்ட வீரர். 1978-ல் ஜூரிச் நகரில் இருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார் போஸ். ஹெட்போனில் பாட்டுக் கேட்கலாம் என்று பார்த்தால், எஞ்சின் இரைச்சல் பாட்டைக் கெடுத்துவிட்டது. வேறு யாராவது என்றால், கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள். இவரோ, பறந்துகொண்டிருந்த விமானத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்!

கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுத்தால், கயிறு நகராமல் நிற்கும் அல்லவா? ஒலி என்பது காற்றில் வரும் அலை. காற்றை அது முன்னால் தள்ளும் அதே நொடியில், அதே அளவு பின்னால் இழுக்கும் எதிர் அலையை அனுப்பினால், இரண்டும் சேர்ந்து காணாமல் போய்விடும். ஹெட்போனில் உள்ள குட்டி மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கும். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் எதிர் அலையை அனுப்பும். 1989-ல், விமானிகளுக்கான ஹெட்போன் இந்த முறையில் விற்பனைக்கு வந்தது. இப்போது கடைகளில் கிடைக்கும், 'நாய்ஸ் கேன்சலிங்' ஹெட்போன்களிலும் இதே தந்திரம்தான்.

ஆனால், 'உய்ய்ய்' என்று ஒரே மாதிரி ஓடும் இரைச்சலைத்தான் இது நன்றாக விழுங்கும். திடீரென்று கிளம்பும் கீச்சு ஹாரனிடம் தடுமாறும். நம்ம ஊர் ரோட்டில் எது அதிகம் என்று நான் சொல்ல வேண்டுமா, என்ன!

எது வேண்டும், சொல்!

சென்னை ஐ.ஐ.டி.,யில் படித்தவர், ஷ்யாம் கொல்லகோட்டா. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். இவருடைய குழு, 2023-ல் ஒரு புது ஹெட்போனைக் காட்டியது. முதலில் எல்லாச் சத்தத்தையும் அது அடக்கிவிடும். பிறகு, சைரன், குழந்தை அழுகை, பறவைக் குரல், பேச்சு என்று 20 வகை ஒலிகளில் உங்களுக்கு எது வேண்டுமோ, அதை மட்டும் உள்ளே விடும். 'சைரன் மட்டும் போதும்' என்றால், சைரன் மட்டும்!

ஹெட்போனோடு இணைந்த ஸ்மார்ட்போன்தான், எது என்ன ஒலி என்று கண்டுபிடிக்கிறது. அதுவும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள்! ஏன் இந்த அவசரம்? டப்பிங் சரியில்லாத படத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகுமே... கண் பார்ப்பதும் காது கேட்பதும் அப்படி ஆகிவிடக் கூடாது அல்லவா? சத்தம் இடது பக்கம் இருந்து வந்தால், இடது பக்கமே கேட்கவும் வேண்டும். மாறிக் கேட்டால் ரோட்டில் ஆபத்துதான்! இதையும் அந்தக் குழு சமாளித்துவிட்டது. ஆனால், பாட்டுக் குரலையும் பேச்சுக் குரலையும் பிரிக்கச் சொன்னால், அது குழம்பியது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 2018-லேயே வேறு வழியில் யோசித்தார்கள். ஹெட்போனில் நான்கு குட்டி மைக்குகள். வண்டி வரும் சத்தத்தை 60 மீட்டர் தூரம் வரை கண்டுபிடித்து, 'வண்டி வருகிறது' என்று நடப்பவரை எச்சரிக்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டே ரோட்டில் நடப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது இது. சத்தத்துக்குப் பயந்து காதை மூடிக்கொள்பவர்களுக்கும் இந்த யோசனை பொருந்தும் அல்லவா?

கருவி மாட்டாமலே சத்தத்தைத் தவிர்க்க முடியாதா? அமைதியான வழியில் போனால் முடியும்! அன்டோனெல்லா ரடிக்கி என்ற கட்டடக்கலை நிபுணர், 'ஹஷ் சிட்டி' என்ற செயலியை 2017-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் வெளியிட்டார். அமைதியான ஒரு இடம் கண்ணில் பட்டால், அங்கே நின்று சத்தத்தைப் பதிவு செய்து, ஒரு போட்டோவும் எடுத்து, அந்த இடம் எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்பலாம். இப்படிப் பலரும் அனுப்பியதைச் சேர்த்து, ஊரின் அமைதி வரைபடம் உருவானது.

'ஹாரன் அடிப்பவரை விட்டுவிட்டு, கேட்பவர் தலையில் ஏன் கருவியை மாட்டணும்?' என்று உங்களில் யாராவது கேட்கலாம். சபாஷ், சரியான கேள்வி! மும்பை டிராஃபிக் போலீசார் ஒரு வேடிக்கை செய்தார்கள். சில சிக்னல்களில் சத்தம் அளக்கும் மீட்டரைப் பொருத்தினார்கள். காத்திருக்கும் வண்டிகளின் ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால், சிவப்பு விளக்கு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும்! எவ்வளவு அடிக்கிறாயோ, அவ்வளவு நேரம் நில்! 2020 ஜனவரியில் வெளியான இந்த வீடியோவைப் பார்த்து நாடே சிரித்தது. நம் நாட்டு விதிப்படி, வீடுகள் இருக்கும் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அனுமதி. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஏறும். அப்படியானால், 85-ல் எத்தனை மடங்கு? சரியாக 1,000 மடங்கு!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை. அப்பா அல்லது அம்மாவோடு, வீட்டில் இருந்து பள்ளி வரை நடந்து பாருங்கள். ஒரு தாளில் வழியை வரைந்து, இரைச்சலான இடத்தில் சிவப்பு, அமைதியான இடத்தில் பச்சை தீட்டுங்கள். பள்ளி நாளில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், நிறம் மாறும்! சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் நண்பன் வகுப்பில் இருந்தால், அவனிடம் கேட்டுக்கேட்டு வண்ணம் தீட்டுங்கள். சிவப்பு எங்கே என்று உங்களைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.