ஒரே பயணம், இருவகை வெயில்: கோடைச் சுற்றுலாவுக்கு ஆடைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதுடெல்லி: பள்ளித் தேர்வுகள் முடிந்து, மே மாத நடுவில் மும்பையில் தொடங்கி ஜெய்சல்மேர், டெல்லி, வாரணாசி வழியாகக் கொல்கத்தாவில் முடியும் 12 நாள் ரயில் பயணத்துக்கு ஒரு குடும்பம் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். செல்லும் ஊர்கள் அனைத்திலும் வெயில்தான் என்பதால், பெட்டியில் ஒரே மாதிரியான பருத்தி ஆடைகளை அடுக்கிவிட்டால் போதும் என்றே பெரும்பாலும் தோன்றும். ஆனால் அந்த ஐந்து ஊர்களிலும் அடிப்பது ஒரே வெயில் அல்ல. ஓர் ஊரில் உடலைக் காக்கும் ஆடை, மற்றோர் ஊரில் உடலை வாட்டும் ஆடையாகிவிடக்கூடும்.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படாது. மே மாதத்தில் ஜெய்சல்மேரின் பகல் வெப்பநிலை சராசரியாக 42 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். மும்பையில் அது 34 டிகிரியைத் தாண்டுவதே குறைவு. இந்த எண்களை நம்பி மும்பை வெயிலை இலேசாக எண்ணுவது ஆபத்தானது. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கர் பகுதியில், திறந்தவெளியில் நடைபெற்ற அரசு விருது விழாவில் பங்கேற்றவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத் தாக்குதலால் உயிரிழந்தனர். அன்று அப்பகுதியில் பதிவான வெப்பநிலை சுமார் 38 டிகிரி. ராஜஸ்தானில் கோடைக் காலத்தில் அது வழக்கமான அளவைவிடவும் குறைவு.

இதனை உணர்ந்தே இந்திய வானிலை ஆய்வு மையமும் வெப்ப அலைக்கு ஊருக்கு ஏற்ற அளவுகோலை வைத்துள்ளது. சமவெளிகளில் வெப்பநிலை குறைந்தபட்சம் 40 டிகிரியை எட்டிய பின்னரே வெப்ப அலை குறித்துப் பரிசீலிக்கப்படுகிறது. கடலோரத்தில் 37 டிகிரியும், மலைப் பகுதிகளில் 30 டிகிரியுமே அந்த வரம்பு.

வியர்வை செய்யும் வேலை

மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை சுரப்பதால் அல்ல, அது ஆவியாவதால். ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால், சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். தோலில் வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் நீர் இழப்பைத் தவிர வேறு பயன் ஏதுமில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைந்திருக்கும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெருமளவு வியர்வை இப்படித்தான் வீணாகிறது. தார் பாலைவனத்திலோ வியர்வை தெரியும் முன்பே காய்ந்துவிடும். அதனால் வியர்க்கவில்லை என்று எண்ணித் தண்ணீர் அருந்தாமல் இருப்பவர்கள் பலர்.

ஆடையின் பணி இந்த இரு இடங்களிலும் நேர்மாறானது.

வறண்ட வெயிலுக்கு மூடிய ஆடை

வெயில் காலத்தில் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரியாக இருக்கும். சுற்றியுள்ள காற்று 42 டிகிரி என்றால், வீசும் காற்று உடலுக்கு வெப்பத்தையே கொண்டுவந்து சேர்க்கிறது. மே, ஜூன் மாதங்களில் ராஜஸ்தானிலிருந்து பீகார் வரை வீசும் 'லூ' எனப்படும் அனல் காற்று செய்வது இதைத்தான். இங்கே அரைக்கைச் சட்டையும் அரைக்கால் சட்டையும் அணிவது, அடுப்பின் முன் தோலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். 2016 மே 19 அன்று 51 டிகிரி வெப்பம் பதிவான பலோடி நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆண்கள் பல முழத் துணியில் தலைப்பாகை கட்டுவதும், பெண்கள் நீண்ட ஓட்னியால் தலையையும் தோளையும் போர்த்திக்கொள்வதும் வெறும் மரபுக்காக மட்டும் அல்ல. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சாலையில் செல்வோர் முகத்தைச் சுற்றிக் கட்டும் 'கம்சா' துண்டும் அவ்வாறே.

கறுப்பு ஆடை கூடாது என்ற பொதுவான அறிவுரைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. சினாய் பாலைவன நாடோடிகள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்பதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 1980-இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். கறுப்புத் துணி கூடுதலாக ஈர்க்கும் வெப்பம், அங்கி தளர்வாக இருப்பதால் தோலை எட்டும் முன்பே வெளியேறிவிடுகிறது என்றும், கறுப்பு, வெள்ளை அங்கிகளுக்குள் உடல் பெறும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே என்றும் அவர்கள் கண்டறிந்தனர். உடலை ஒட்டிய உடைக்கு இது பொருந்தாது. எனவே இறுக்கமான வெள்ளைச் சட்டையைவிடத் தளர்வான நிறச் சட்டை மேலானது என்று துணிந்து கூறலாம்.

வறண்ட ஊரில் மற்றொரு வசதியும் உண்டு. பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டால், மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கும் அதே முறையில் அது உடலைக் குளிர்விக்கும். கொல்கத்தாவில் இதே துண்டு ஈரத்துணியாகவே கிடக்கும்.

ஈர வெயிலுக்கு மெல்லிய ஆடை

கடலோர ஊர்களில் தோலின்மேல் காற்று படுவதே முதன்மைத் தேவை. அரைக்கை, திறந்த கழுத்து, இடைவெளி விட்ட நெசவு ஆகியவை இங்கே பொருத்தமானவை. பருத்தி என்ற பெயரை மட்டும் நம்புவது போதாது. தடித்த பருத்தி டி-சர்ட் வியர்வையை உறிஞ்சிக் கனத்து, உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஜீன்ஸ் குறித்துச் சொல்லவே வேண்டாம். நனைந்தால் இரண்டு நாள் பெட்டியின் எடையைக் கூட்டுவதே அதன் வேலை. மல்மல் எனப்படும் மெல்லிய பருத்தி, ராஜஸ்தானின் கோட்டா டோரியா, லினன் ஆகியவை நல்ல தேர்வுகள். ரேயான் தொடுவதற்குக் குளுமையாக இருந்தாலும் நீரை மிகுதியாக உறிஞ்சும், காயத் தாமதமாகும்.

பாலியஸ்டர் விளையாட்டு ஆடைகள் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. வழக்கமான சூழலில் பருத்தி இழை தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட ஏற்பதில்லை. அதனால் விரைவில் காய்ந்துவிடும். அதே வேகத்தில் நாற்றமும் வரும். இரவில் துவைத்துக் காலையில் அணிய ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. வேர்க்குரு, படர்தாமரை ஆகியவற்றால் அவதிப்படுபவர்கள் உள்ளாடையாகப் பாலியஸ்டரைத் தவிர்ப்பதே நல்லது.

எத்தனை உடைகள் தேவை?

இதனைத் தீர்மானிப்பது பயண நாட்களின் எண்ணிக்கை அல்ல. துணி காயும் வேகம். ஜெய்சல்மேரில் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீத அளவுக்கு இறங்குவதால், மெல்லிய சட்டை வெளியே உலர்த்திய சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். மும்பையில் அறைக்குள் தொங்கவிட்ட துணி மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கலாம். ஆகவே மும்பையில் அழுக்கான துணிகளை அங்கேயே துவைக்க முயலாமல், தனிப் பையில் கட்டி எடுத்துச் சென்று ஜெய்சல்மேரில் துவைக்கலாம். கொல்கத்தாவுக்குத் தேவையானவற்றை வாரணாசியிலேயே துவைத்து மடித்துவிடலாம். ஈரமான ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு மேலாடை, வறண்ட ஊரில் ஒன்று என்று கணக்கிட்டால், மேற்கண்ட 12 நாள் பயணத்துக்கு ஒருவருக்கு முழுக்கை மேலாடை இரண்டு, மெல்லிய அரைக்கை மேலாடை நான்கு, கீழாடை மூன்று போதுமானவை. உள்ளாடைகளில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

பாலைவன இரவு குளிரும் என்று ஸ்வெட்டர் எடுத்துச் செல்வது வீண். அது குளிர்காலத்துக்குப் பொருந்தும் செய்தி. மே மாத ஜெய்சல்மேர் இரவிலும் வெப்பநிலை சராசரியாக 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். உண்மையில் குளிர் வாட்டுவது ரயிலில்தான். ஏசி படுக்கைப் பெட்டிகளில் போர்வை தருவார்கள். ஏசி இருக்கைப் பெட்டிகளில் தருவதில்லை. பெரிய பருத்தித் துப்பட்டா அல்லது துண்டு ஒன்று இருந்தால் அங்கே போர்வையாகும். குருத்வாராவிலும் தர்காவிலும் தலையை மூடவும் உதவும். கோயில்களில் பகல் நேரத்துக் கல்தரையில் வெறுங்காலுடன் நடக்க நேரிடும் என்பதால், தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி தேவை. கொல்கத்தாவில் மே மாத மாலைகளில் 'கால்பைசாகி' எனப்படும் இடிமழை திடீரெனக் கொட்டும், குடை அவசியம்.

தேதியையும் கவனிக்க வேண்டும். மே முதல் வாரத்து டெல்லியும் ஜூன் மூன்றாம் வாரத்து டெல்லியும் ஒன்றல்ல. டெல்லிக்குத் தென்மேற்குப் பருவமழை வரும் இயல்பான நாள் ஜூன் 27. அதற்கு முந்தைய நாட்களில் வெப்பநிலை 40 டிகிரியிலேயே நீடிக்க, ஈரப்பதமும் ஏறத் தொடங்கும். அப்போது எந்த ஆடையும் முழுமையாகக் கைகொடுக்காது. பகல் 12 மணி முதல் 4 மணி வரை வெளியே செல்லாமல் இருப்பதே வழி. புறப்படும் முன் வானிலை மையத்தின் 'மௌசம்' செயலியில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடன் வருபவர் பேச்சுக் குழறினாலோ, திசை தெரியாமல் தடுமாறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. நாட்டின் எப்பகுதியிலிருந்தும் அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.